ஆத்தா குளிர்ந்த பங்குனி

முள்ளிக்கரையில அது மொத மொத விழுந்தது பங்குனி மாசத்து உச்சிவெயில்ல, நாய்கூட நெழல விட்டு வெளிய வராத நேரத்துல. மேலேருந்து வெள்ளையா, ஒரு சத்தமும் இல்லாம, ஆடி அசைஞ்சு இறங்கி வந்து, வாசல்ல காயப்போட்டிருந்த மொளகாவத்தல் மேல உக்காந்துச்சு. நாங்க ஒருத்தரும் வானத்த அண்ணாந்து பாக்கல, மம்பட்டியத் தூக்கிக்கிட்டு மூட்டத்தப் பாக்க ஓடுனோம்.

எங்க ஊரு கரி ஊரு. சீமைக் கருவேல மரத்த வெட்டி, கட்டைய நெட்டக்குத்தலா அடுக்கி, மேல வைக்கோலப் பரப்பி, ஈரமண்ணக் கொழச்சுப் பூசி, உள்ள ஒரு கங்கப் போட்டுட்டுக் காத்துப் புகாம வேகவிட்டா அதுக்குப் பேரு மூட்டம். நாளாக ஆக உள்ள கட்டை வெந்து கரியாகும். அந்த மண்ணு எங்கயாவது வெடிச்சுக் காத்துப் புகுந்துருச்சோ, தொலஞ்சது, பூராக் கட்டையும் எரிஞ்சு வெள்ளச் சாம்பலாப் பறந்துரும். அதனால வெள்ளையா என்ன பறந்து வந்தாலும் எங்களுக்கு ஒரே அர்த்தந்தான், எவன் மூட்டமோ பிச்சுக்கிச்சு. பிச்சுக்கிட்டது சென்மப் பகையாளி மூட்டமா இருந்தாலும் ஓடிப்போயி ரெண்டு கூடை மண்ணு அள்ளிப் போட்டுட்டுத்தான் மறுபடியும் பகைய ஆரம்பிக்கணும்.

அப்படி ஓடுனோம், மேலக்காட்டுக்கும் கீழக்காட்டுக்குமா ஊரே ஓடுச்சு. பாத்தா எல்லா மூட்டமும் நல்லபிள்ளையாப் பொகஞ்சுக்கிட்டு நிக்குது. நீ மறைக்கிற, நான் மறைக்கிறேன்னு ஒருத்தருக்கொருத்தர் ஏச்சும் பேச்சுமா நின்னப்ப, பக்கத்து வீட்டுச் சடைச்சி மதினிதான், தன்னோட மூட்டத்துக்கு மண்ணு பூசிக்கிட்டு இருந்தவ, கையில விழுந்ததப் பாத்துட்டு மெதுவாச் சொன்னா, இந்தச் சாம்பல் சுடலையே, ஈரமால்ல இருக்கு. அதுக்கப்புறந்தான் நாங்க வானத்தப் பாத்தோம். கண்ணுக்குள்ளயும் விழுந்துச்சு.

பின்னால டவுன்காரங்க வந்து அதுக்குப் பேரு பனின்னு சொன்னாக. பனி எங்களுக்குத் தெரியாதாக்கும்? மார்கழியில புல்லு நுனியில நின்னுட்டு, சூரியன் வந்ததும் மரியாதையாப் போயிரும். இது அப்படி மரியாத தெரிஞ்சது இல்ல. வந்தது கூரையில ஏறுச்சு, குடத்துல ஏறுச்சு, படுத்துக்கெடந்த மாட்டு முதுகுல ஏறுச்சு, கரிபட்டுக் கரிபட்டுக் காலங்காலமாக் கறுத்துப்போன எங்க ஊரு மண்ண ஒரு பொழுதுல வெளுத்துப் போட்டுருச்சு. சாம்பல் இல்லன்னு தெரிஞ்சதும் திருநீறுன்னு முடிவு பண்ணினோம். அள்ளி அள்ளி நெத்தியில பூசுனோம். பூசுன நீறு மூக்கு வழியா ஒழுகுச்சு, அதுக்காக ஒருத்தரும் பூசறத நிறுத்தல. பிள்ளைங்க அதுல கருப்பட்டியத் தூவித் தின்னுச்சுக, பெறகு பெரியவுகளும் தின்னாக, பெறகு யாரு அதிகம் தின்னாகன்னு சண்டை வந்துச்சு.

காரணமும் உடனே கெடச்சிருச்சு, காரணத்துக்கு எங்க ஊருல என்னைக்கும் பஞ்சம் இல்ல. அந்த வருஷம் வெயிலு ரொம்பப் பொல்லாத வெயிலு, வீட்டுக்கு வீடு அம்மை வேற. அதனால மாரியாத்தா கோயில் கொடைத் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினதுலேருந்து, எந்த வருஷமும் இல்லாத அளவுக்குத் தண்ணிய ஊத்துனோம். மஞ்சத் தண்ணி, வேப்பந்தண்ணி, எளநி, பானகம்னு பீடத்துக்குப் பொழுது விடிஞ்சா ஊத்து, பொழுது அடைஞ்சா ஊத்து, ஊத்திட்டு மனங்குளிரு தாயே வயிறு குளிரு தாயேன்னு பாடு. பூசாரி காத்தமுத்து அண்ணன் கோயில் வாசல்ல நின்னு, ரெண்டு கையிலயும் பனிய ஏந்திக்கிட்டு, ஆத்தா குளிர்ந்துட்டான்னு சொன்னாரு. பொம்பளைங்க குலவ போட்டோம். அம்மை கண்ட பிள்ளைங்களுக்குக் கொப்புளம் அடங்கிக் காய்ச்சலும் விட்டுருச்சு, அதையும் சொல்லணும், சும்மா ஆத்தாளக் கொற சொல்லக் கூடாது.

ஆனா அவ குளிர்ந்துக்கிட்டே இருந்தா. மறுநாளும் விழுந்துச்சு, அதுக்கு மறுநாளும் விழுந்துச்சு. பனையோலக் கூரைங்க பாரம் தாங்காம ஒண்ணொண்ணா உக்காந்துச்சு. போர்வன்னு ஒண்ணு எங்க ஊருல யாரு வீட்டுல இருந்துச்சு? கரிச்சாக்கத்தான் தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டு ஆம்பள பொம்பளைன்னு பாக்காம மாட்டிக்கிட்டோம். மொகம் எது சாக்கு எதுன்னு தெரியாது, புருசன் பொஞ்சாதி கூப்பிட்டுப் பாத்துத்தான் கண்டுபிடிக்கணும். ஊரூருக்குக் கரி அனுப்புறவுக, எங்க வீட்டுக்குன்னு ஒரு சட்டிக் கரி எரிச்சது கெடையாது, அப்பத்தான் எரிச்சோம். அதையும் வீட்டுக்குள்ள வைக்கப் பயம், கதவச் சாத்திக் கரி எரிச்சுட்டுத் தூங்குனவன் எந்திரிச்சது இல்லங்கிறது எங்க பிள்ளைங்களுக்கே தெரியும். அதனால தெருவுலயே சட்டிய வச்சுச் சுத்தி உக்காந்தோம். பேசாத வீட்டு ஆளுககூட ஒரு சட்டிக்கு வந்து சேந்தாக, பேசிக்கல, ஆனா ஒரே சட்டியில கைய நீட்டுனாக.

இதுல அதிசயம் என்னன்னா, எல்லைக்கல்லத் தாண்டுனா ஒண்ணுமே கெடையாது. கல்லுக்கு இந்தப் பக்கம் முழங்கால் மட்டும் பனி, அந்தப் பக்கம் தாரு உருகுற வெயிலு. தாசில்தாரு வந்தாரு, அந்தப் பக்கம் நின்னு வேர்வையத் தொடச்சுக்கிட்டே இந்தப் பக்கத்தப் பாத்தாரு, ஒரு கைய நீட்டி நனைச்சுப் பாத்துட்டு, வேற ஜில்லாவுல இப்படிக் கேள்விப்பட்டது இல்லையேன்னு சொல்லிட்டுப் போனாரு. பஸ்ஸு கல்லோட நின்னு திரும்புச்சு.

நாலு எட்டு வச்சா வெயிலு, போயிருக்கலாமேன்னுதான கேப்பீக? காப்புக் கட்டியிருக்கே. எங்க ஊருல காப்புக் கட்டினதுலேருந்து அவுக்குற வரைக்கும் ஆத்தா கரகத்துல வந்து இருக்கா, அவள விட்டுட்டு ஒரு உசுரு ராத்தங்க வெளிய போகக் கூடாது. பகல்ல சந்தைக்குப் போயிட்டு விளக்கு வைக்கிறதுக்குள்ள வந்துரலாம், அவ்வளவுதான். காப்ப அவுக்கணும்னா பூக்குழி எறங்கணும். பூக்குழிக்கு நெருப்பு வேணும். கரி ஊரு, வீட்டுக்கு ஒரு கூடையக் கொண்டாந்து குழியில கொட்டி, பத்தவச்சு, ஊதி ஊதி நெஞ்சு வலிச்சுச்சு, மேலேருந்து பொத்துன்னு விழுந்து அணைஞ்சுபோச்சு. பந்தல் போட்டுப் பாத்தோம், பந்தலே விழுந்துச்சு. நெருப்ப வித்துத் திங்கிற ஊரால ஒரு குழி நெருப்ப நிறுத்த முடியல. பூக்குழி இல்ல, அதனால காப்பு அவுக்க முடியாது, அதனால யாரும் போக முடியாது, அதனால முறைப்படி பொழுது விடிஞ்சா ஆத்தாளுக்குத் தண்ணிய ஊத்து, பொழுது அடைஞ்சா ஊத்து. ஊத்துன தண்ணி பீடத்துலயே இறுகிப் பளபளன்னு நின்னுச்சு. அப்பவும் ஊத்துனோம்.

போதும் தாயே, கொஞ்சம் சூடாகுன்னு கேக்கலாம்னு பாத்தா அதுக்குப் பாட்டு இல்ல. எங்க ஆளுக தலமுறை தலமுறையாக் குளிரு குளிருன்னுதான் பாடி வச்சிருக்காக, சூடாக்குறதுக்கு ஒரு வரிகூடப் பாடி வைக்கல. அப்பத்தான் ஒரு கரிச்சட்டியச் சுத்தி உக்காந்திருந்தவுகளுக்கு அந்த யோசனை வந்துச்சு, ஆத்தாளுக்குக் கோவம் வரவச்சா என்ன? கோவம் வந்தா சூடு வரும்ல? அப்ப என்ன தப்புப் பண்ணலாம்னு ஊரே உக்காந்து யோசிச்சுச்சு. பொய் சொல்லலாமான்னு ஒருத்தன், அதத்தான தெனமும் பண்றோம்னு இன்னொருத்தன். கோள் சொல்லலாம், எல்லைய நகட்டலாம், அண்ணன் தம்பி பேசாம இருக்கலாம்னு எதச் சொன்னாலும், அது ஏற்கெனவே நடந்துக்கிட்டு இருக்கு, அதுக்கெல்லாம் அவ கோவப்படலன்னு தெரிஞ்சதும் எல்லாருக்கும் மொகம் விழுந்துபோச்சு. அப்ப இவ எதுக்குத்தான் கோவப்படுவான்னு ஒரு கேள்வி வந்துச்சு. அதுக்குப் பதிலு எல்லாருக்கும் தெரியும், காப்ப மீறிப் போனா.

பூசாரி காத்தமுத்து அண்ணனோட பொஞ்சாதி செல்லக்கிளி. ரொம்ப வருஷம் முன்னாடி, இதே மாதிரிக் காப்புக் கட்டியிருந்தப்ப, அவளப் பெத்தவ சாகக் கெடக்கான்னு தாக்கல் வந்து, அவ போயிட்டா. தாயிக்குக் கடைசிப் பாலு ஊத்திட்டு ரெண்டு ராத்திரி கழிச்சுத்தான் திரும்புனா, திரும்பையில ஒடம்பு பூரா அம்மை. காப்ப மீறிப் போனவ, காப்பு அவுக்கிற வரைக்கும் உள்ள வரக் கூடாதே. எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் புளியமரத்தடியில கெடந்தா. கரகம் தூக்குற பூசாரி கல்லத் தாண்டக் கூடாது. கல்லுக்கு இந்தப் பக்கம் நின்னு அவரு பாத்தாரு, அந்தப் பக்கம் கெடந்து அவ பாத்தா. காப்பு அவுக்கிறதுக்கு முந்துன நாளு அவ உசுரு போயிருச்சு. அதுலேருந்து அந்த மனுசன் சிரிச்சு நான் பாத்தது இல்ல.

இந்த நெலமையிலதான் சடைச்சி மதினியோட மக பூரணத்துக்கு வலி எடுத்துச்சு. தலப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்த பிள்ள, வந்த எடத்துல காப்புக்குள்ள மாட்டிக்கிட்டா. மதினிக்குப் புருசன் இல்ல, வேற பிள்ளையும் இல்ல, மூட்டம் போட்டு மூட்டம் போட்டே அவள வளத்துக் கட்டிக்கொடுத்தா. காலையில வெள்ளன வலி வந்துச்சு. மதினி வயித்தத் தடவிப் பாத்துட்டு, பிள்ள குறுக்க கெடக்கு போலன்னு போன்ல நர்சம்மாகிட்டச் சொன்னா, அங்க வச்சு ஒண்ணும் பண்ணாதீக, கீறித்தான் எடுக்கணும், ஒடனே கொண்டாங்கன்னு அவுக பதறிட்டாக. நூத்தியெட்டு வண்டி கல்லு வரைக்கும் வந்து, பனியில சக்கரம் வழுக்கி, அந்தப் பக்கமே நின்னுக்கிச்சு. கட்டிலோட தூக்கிட்டுப் போனா வண்டி கெடச்சிரும். ஆனா வயித்தக் கீறி எடுத்தவ விளக்கு வைக்கிறதுக்குள்ள திரும்ப முடியுமா?

அங்கதான் ஊருக்குப் புத்தி கோணுச்சு. மொதல்ல ஒரு சட்டியில ஆரம்பிச்சுச்சு, பெறகு எல்லாச் சட்டிக்கும் பரவுச்சு. பூரணம் போகட்டும், அவ போனா ஆத்தாளுக்குக் கோவம் வரும், கோவம் வந்தா பனி நிக்கும். பாவம்னு சொல்லிக்கிட்டேதான் சொன்னாக, கண்ணுல தண்ணியோடதான் சொன்னாக. கட்டிலத் தூக்க அத்தன பேரு வந்து நின்னப்பத்தான் மதினிக்கு ஒறச்சது, இவுக என் மகளக் காப்பாத்த வரல, அனுப்பிவைக்க வந்திருக்காகன்னு. கட்டிலுக்குக் குறுக்க நின்னுக்கிட்டா.

"என் பிள்ளைய ஆஸ்பத்திரிக்குத் தூக்குறதுன்னா தூக்குங்க. ஆத்தா கோவத்துக்குன்னு யாராவது தூக்குனா, அந்தக் கைய நான் மூட்டத்துல வச்சிருவேன்."

தூக்க வந்தவுக கைய எடுத்துக்கிட்டாக. உள்ள பூரணம் பல்லக் கடிச்சுக்கிட்டு மொனங்குற சத்தம் மட்டும் கேட்டுச்சு. மதினியோட நெலமைய யோசிச்சுப் பாருங்க. போகலைன்னா மக இங்க சாவா. போனா செல்லக்கிளி செத்த மாதிரி சாவாளோன்னு பயம், அந்தப் பயத்த மூடநம்பிக்கைன்னு சொல்லிட்டுப் போக அவ டவுன்ல பொறக்கல, புளியமரத்தடிய ரெண்டு கண்ணாலயும் பாத்தவ. என்னைய மககிட்ட உக்காத்தி வச்சுட்டு, பனிக்குள்ள விழுந்து எந்திரிச்சுக் கோயிலுக்கு ஓடுனா. நான் ஒரு சின்னவளப் பூரணத்துகிட்ட விட்டுட்டுப் பின்னாடியே ஓடுனேன், அவ ஆத்தாள என்ன பண்ணிருவாளோன்னு எனக்குப் பயம்.

கோயிலுல பூசாரி அண்ணன் காலை நேரத்துத் தண்ணிய ஊத்திக்கிட்டு இருந்தாரு. கையெல்லாம் வெடிச்சு ரத்தம் கட்டியிருந்துச்சு. பீடத்து மேல கரகம், வேப்பிலையும் அரளிப்பூவும் வெறச்சுப்போயி. மதினி ஒண்ணும் கும்புடல. அவரு கையில இருந்த குடத்தப் புடுங்கிக் கீழ வச்சா.

"ஏண்ணே, இவளுக்கும் குளிருமில்ல?"

 மதினி போட்டிருந்த சாக்கக் கழட்டிப் பீடத்தச் சுத்திப் போத்துனா. போத்திட்டு, மூச்சு வாங்க வாங்க, அவரப் பாத்துக் கேட்டா, ஊர விட்டுப் போகக் கூடாதுன்னு காப்புக் கட்டியிருக்கா, ஆத்தாள விட்டுட்டுப் போகக் கூடாதுன்னு காப்புக் கட்டியிருக்கான்னு. ஆத்தாள விட்டுத்தான்னு அவரு சொன்னாரு. அப்ப ஆத்தாளையும் தூக்கிட்டு வாங்க, எம்மக கூட அவளும் ஆஸ்பத்திரிக்கு வரட்டும், அவளும் ஒரு பொம்பளதானன்னு மதினி சொன்னா.

கரகம் தெருத்தெருவாச் சுத்தும், கல்லு வரைக்கும் போகும், கல்லத் தொட்டுத் திரும்பிரும். கல்லத் தாண்டக் கூடாதுன்னு யாரு சொன்னதுன்னு பெறகு ஊரே கூடி யோசிச்சுப் பாத்தோம், யாரும் சொல்லல, யாரும் தாண்டுனது இல்ல, அவ்வளவுதான். ஆனா கரகத்தக் கோயில விட்டு வெளிய எடுத்தா தரையில எறக்கக் கூடாது, அதுக்கு மட்டும் தெளிவா விதி இருக்கு.  பூசாரி அண்ணன் எத யோசிச்சாருன்னு எனக்குத் தெரியும், அவரு மொகம் கல்லு இருக்குற தெச பக்கந்தான் இருந்துச்சு. இப்ப இவரு தாண்டுனாருன்னா, அன்னைக்கும் தாண்டியிருக்கலாம்னு ஆயிருமே. இத்தன வருஷமா அந்த மனுசன் நிமுந்து நடந்ததே அன்னைக்கு வேற வழி இல்லங்கிற ஒரே தெம்புலதான். அந்தத் தெம்பப் புடுங்குறோம்னு மதினிக்கும் தெரியும். தெரிஞ்சும் நின்னா, கண்ண எடுக்காம.

அவரு துண்டச் சும்மாடாச் சுத்தித் தலையில வச்சாரு. குனிஞ்சாரு. நாங்க ரெண்டு பேருந்தான் கரகத்தத் தூக்கி வச்சோம், பொம்பளைங்க அதத் தொடலாமா கூடாதான்னு அப்ப யாருக்கு ஞாபகம்?

ஆத்தா கெளம்பிட்டான்னா ஊரு நிக்க முடியுமா? பூரணத்தோட கட்டில் முன்னால, கரகம் பின்னால, அதுக்குப் பின்னால சாக்கு மாட்டுன மொத்த ஊரும். மேளக்காரரு வெறச்ச கையால அடிச்சாரு. மூட்டத்த யாரு பாக்குறதுன்னு ஒரு குரல் கேட்டுச்சு, மதினியோட மூட்டமும் காட்டுல பொகஞ்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு, அவ திரும்பிக்கூடப் பாக்கல. கல்லுகிட்ட வந்ததும் கட்டிலத் தாண்டிக் கொடுத்தோம், மதினி வண்டியில ஏறுனா, கதவச் சாத்துனாக, வண்டி போயிருச்சு. பூசாரி அண்ணன் மட்டும் கல்லு முன்னால நின்னுட்டாரு. அந்தப் பக்கம் புளியமரம் வெயில்ல நின்னுச்சு.  மேளம் நின்னுபோச்சு. அவரு கால எடுத்து அந்தப் பக்கம் வச்சாரு.

வெயிலு எங்க மேல அப்படியே விழுந்துச்சு. சாக்குலேருந்து ஆவி கெளம்புச்சு. கொஞ்ச தூரம் போனதும், கரகத்துப் பானைக்குள்ள கட்டியா இருந்தது உருகி, அவரு நடைக்குத் தகுந்த மாதிரி தளக் தளக்குன்னு அலம்புற சத்தம் கேட்டுச்சு. அவரு தலைக்கு மேல தண்ணிக்கு உசுரு வந்துச்சு, அந்தச் சத்தத்தக் கேட்டுக்கிட்டே நாங்க டவுன் வரைக்கும் நடந்தோம். ரோட்டுல போன பஸ்ஸெல்லாம் நின்னு வேடிக்க பாத்துச்சு. தலையில பனியோட, சாக்கு மாட்டிக்கிட்டு, பங்குனி வெயில்ல ஒரு ஊரே வந்தா யாருதான் பாக்க மாட்டாக.

ஊருல பனி எப்ப நின்னுச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் யாராலயும் சொல்ல முடியாது, பாக்குறதுக்கு ஊருல ஆளு இல்ல. திரும்பிப் போனப்ப தெருவெல்லாம் தண்ணி ஓடிக்கிட்டு இருந்துச்சு, கீழக்காட்டுல பாதி மூட்டம் பிச்சுக்கிட்டுச் சாம்பலாக் கெடந்துச்சு, அதுல மதினியோடதும் ஒண்ணு. ஆத்தா கோவப்பட்டு நிறுத்துனாளா, சந்தோசப்பட்டு நிறுத்துனாளான்னு இன்னும் சண்ட போட்டுக்கிட்டுத்தான் இருக்கோம்.

அதுக்கு முன்னால ஆஸ்பத்திரி வாசல்ல நடந்ததச் சொல்லிர்றேன். கரகத்தக் கீழ எறக்கக் கூடாதுல்ல, பூசாரி அண்ணன் வாசல்லயே நின்னாரு. சுடுற தரையில அவரு காலுக்குத் தண்ணி ஊத்துனோம், கொடை பிடிச்சோம், வாட்ச்மேன் ஸ்டூலக் கொண்டாந்து போட்டான், உக்காந்தா கரகம் சாயும்னு உக்காரல. உள்ள பூரணம், வெளிய இவரு. பூரணத்த அறைக்குள்ள கொண்டுபோயி, கதவச் சாத்தி, ரொம்ப நேரம் கழிச்சுத்தான் மதினி ஒரு துணிப்பொட்டலத்தோட வெளிய வந்தா. பொம்பளப் பிள்ள. தாயும் நல்லா இருக்கா, கண்ணு முழிச்சுட்டான்னு சொன்னா.  நாங்க குலவ போட்டோம், நர்சம்மா வந்து அதட்டுனாக, அதட்டிட்டு அவுகளும் சிரிச்சாக.

பூசாரி அண்ணன் சிரிக்கல. பிள்ளையவே பாத்துக்கிட்டு நின்னாரு. பெறகு கேட்டாரு, மதினிக்கு மட்டும் கேக்குற மாதிரி, ஆனா பக்கத்துல நின்ன எனக்கும் கேட்டுச்சு.

"அன்னைக்குச் செல்லக்கிளிகிட்டயும் நான் இப்படி வந்திருக்கலாம், என்ன சடைச்சி?"

வேற யாரா இருந்தாலும் விதின்னு சொல்லியிருப்பாக. அதெல்லாம் நெனைக்காதீகன்னு சொல்லியிருப்பாக. நானே அதச் சொல்ல வாயத் திறந்துட்டேன். அந்த மனுசன் எத்தன வருஷமா அந்த ஒரு பதிலத்தான் எல்லாருகிட்டயும் வாங்கிக்கிட்டு இருந்தாரு, மதினி அதத் தரல.

"ஆமாண்ணே, வந்திருக்கலாம்"னு சொன்னா.

அவரு தலைய ஆட்ட முடியாது, கரகம் இருக்கு. கண்ண மட்டும் மூடித் திறந்தாரு. குனிஞ்சு பிள்ளையப் பாக்கவும் முடியாது. அதனால மதினி பிள்ளைய ரெண்டு கையாலயும் ஏந்தி, அவரு மொகத்துக்கு நேரா, அவரு போதும்னு சொல்ற வரைக்கும் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னா.